576 ஈயப் பொட்டுகள்

மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே தரையோடு தரையாகக் கிடக்கிற மல்டிபின் கேபிளைச் சொந்தக் கையால் செய்துகொள்பவர்கள் ‘காசு மிச்சம்’ என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

இரவு ஒன்பதரை. அம்மன் கோயில் பொட்டலில் உட்கார இடமில்லை. கீபோர்டுக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அறிவிப்பாளர் மூன்றாவது தடவையாக “இன்னும் சற்று நேரத்தில்” என்கிறார். கூட்டத்தின் மறுகோடியில், மிக்ஸர் மேஜைக்குப் பின்னால், சவுண்ட் சர்வீஸ்காரர் 11-ம் சேனலை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். டோலக் வரவில்லை.

“அண்ணே, மைக் மாத்திட்டேன்ணே. அதேதான்!” மேடையிலிருந்து பையன் கத்துகிறான். மைக் வயரையும் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: ஜனங்களின் காலடியில், சாக்குக்கு அடியில், சேறும் தண்ணீருமாக ஓடும் ஐம்பது மீட்டர் மல்ட்டிகோர். அதற்குள் 32 ஜோடிக் கம்பிகள். இரண்டு தலையிலும் வரிசை வரிசையாக ஊசிகள் கொண்ட மல்டிபின் கனெக்டர்.

இனி நடப்பது கேபிளைப் பொறுத்தது. தலைப்பகுதியை பிளாஸ்டிக்கால் வார்த்து மூடிய ரெடிமேட் சரக்கு என்றால், அந்த வழி அன்றைக்கு அவ்வளவுதான். காலியாக இருக்கும் வேறு சேனலுக்கு டோலக் குடிபெயர வேண்டும். காலி இல்லையென்றால் கோரஸ் மைக் ஒன்று பலியாகும். அவரே செய்த கேபிள் என்றால்? பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கும் தாளைப் பார்க்கிறார். 11-ம் சேனல் எந்த மூன்று ஊசிகள் என்று அதில் எழுதியிருக்கிறது. நான்கு திருகு, வாயில் டார்ச், ஒரு தொட்டு. பிய்ந்துகிடந்த கம்பி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. டோலக் பேசுகிறது.

அந்தத் தாளும் அந்த நான்கு திருகும்தான் இந்தக் கட்டுரை. ஈயம் ஊற்றத் தெரிவது அதில் பாதி.

ஒரு கேபிளுக்கு எத்தனை ஒட்டு?

ஒரு மைக்குக்கு மூன்று கம்பி: பிளஸ், மைனஸ், அவற்றைச் சுற்றிப் போர்த்திய எர்த் ஷீல்டு. 32 மைக்குக்கு 96. மேடைப் பெட்டியின் உள்ளே, மைக் சொருகும் சாக்கெட்டுக்கும் பெட்டியின் மல்டிபின்னுக்கும் இடையே 96 கம்பிகள், இரண்டு முனை, 192 ஒட்டு. நடுவில் ஓடும் நீளக் கேபிளில் இன்னொரு 192. மிக்ஸர் பக்கம் விசிறிபோலப் பிரியும் வால்களில் மற்றொரு 192. மொத்தம் 576.

ஒன்று விட்டால் ஒரு வாத்தியம் போகும். 575 சரி என்று யாரும் பாராட்டப்போவதில்லை.

இவ்வளவு தலைவலி எதற்கு, நேராக 32 தனித்தனி வயர் இழுத்தால் என்ன என்று கேட்கலாம். இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மல்டிபின் என்பது நேரத்துக்காக வந்தது. லாரி வந்து நின்றதும் ஒரு கனெக்டரைச் சொருகிப் பூட்டினால் 32 வழியும் ஒரே மூச்சில் தயார். எது எதில் போகும் என்ற குழப்பமே வராது. ஒரு திருவிழாவில் மூன்று குழுக்கள் மாறிமாறி ஏறும்போது அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பு வாடகைக்காரருக்குத்தான் தெரியும்.

கேனான் வீட்டுப் பிள்ளைகள்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம் ஊர் மைக்செட்காரர்கள் ‘கேனான் பின்’ என்று சொல்லும் மூன்று ஊசிக் கனெக்டரின் முறையான பெயர் எக்ஸ்.எல்.ஆர். 1915-ல் ஜேம்ஸ் கேனான் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. அதே கேனான் நிறுவனம்தான் 1952-ல் ‘டி’ எழுத்து வடிவ உலோகச் சட்டம் கொண்ட டி-சப் கனெக்டரையும் கொண்டுவந்தது. பழைய கணினிகளின் முதுகில், பிரிண்டர் வயர் சொருகிய இடத்தில் பார்த்திருப்பீர்கள். 25 ஊசி உள்ளது டிபி-25.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இந்த 25 மிகவும் பிடித்துப்போனது. எட்டு சேனலுக்கு மும்மூன்று ஊசி, 24, ஒன்று மிச்சம். 1993-ல் வந்த டாஸ்காம் டிஏ-88 என்ற எட்டு டிராக் டிஜிட்டல் டேப் கருவி இதைப் பயன்படுத்தியது. அந்த நிறுவனம் வகுத்த ஊசி வரிசை பிற நிறுவனங்களுக்கும் பரவியது. 2012-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி அதை ஏ.இ.எஸ்.59 என்ற தரநிலையாக அறிவித்தது. புரோ டூல்ஸ் இன்டர்ஃபேஸ்கள், எட்டு சேனல் பிரீஆம்ப்கள் எனக் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக்கூடம் முதல் மாடி அறையில் நுரைப்பஞ்சு ஒட்டிய வீட்டு ஸ்டுடியோ வரை இன்று இது இல்லாத இடம் குறைவு.

மற்ற வகைகளும் உண்டு. அலெசிஸ் ஏடாட் கருவியில் இருந்தது 56 ஊசி எல்கோ. எட்டு உள்ளே, எட்டு வெளியே. பெரிய மேடைகளில் ஜெர்மன் ஹார்ட்டிங் கனெக்டர்கள். அதில் 108 ஊசி வகை 36 சேனலைத் தாங்கும். இந்தப் பெரிய ஜாதிகளில் பெரும்பாலும் ஈயமே கிடையாது. கம்பியை ஊசிக்குள் வைத்து கிரிம்பிங் கருவியால் நசுக்கிவிடுவார்கள். ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி விறைப்பாக்கும். விறைத்த இடம் முடியும் எல்லையில்தான் கம்பி ஒடியும். அசைவும் அதிர்வும் அதிகமுள்ள இடங்களில் கிரிம்ப் ஜெயிப்பது அதனால்தான். நல்ல கிரிம்பிங் கருவியின் விலை மலைக்க வைக்கும் என்பதால் தனிமனிதர்கள் ஈயத்துக்கே திரும்புகிறார்கள்.

■ பெட்டிச் செய்தி 1: டிபி-25 ஊசி வரிசை (ஏ.இ.எஸ்.59, அனலாக்)

முதல் எண் பிளஸ், இரண்டாவது மைனஸ், மூன்றாவது எர்த்.
சேனல் 1: 24, 12, 25
சேனல் 2: 10, 23, 11
சேனல் 3: 21, 9, 22
சேனல் 4: 7, 20, 8
சேனல் 5: 18, 6, 19
சேனல் 6: 4, 17, 5
சேனல் 7: 15, 3, 16
சேனல் 8: 1, 14, 2
13-ம் ஊசி சும்மா இருக்கும்.
எக்ஸ்.எல்.ஆர். பக்கம் எப்போதும் 1 எர்த், 2 பிளஸ், 3 மைனஸ்.

பெட்டியை இன்னொரு முறை பாருங்கள். 1-ம் சேனல் 24-ல் இருக்கிறது. 8-ம் சேனல்தான் 1-ல் வந்து முடிகிறது. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் நம் பழக்கத்தை நம்பி இறங்கினால் எட்டும் தலைகீழாகும். போதாததற்கு, கனெக்டரை முன்னாலிருந்து பார்க்கிற வரைபடம் பின்னாலிருந்து ஈயம் வைக்கும்போது இடவலம் மாறிவிடும். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் எறும்பு அளவில் எண் பொறித்திருப்பார்கள். வரைபடத்தை மூடிவைத்துவிட்டு அந்த எண்ணை நம்புவதே உத்தமம். நாற்பது தாண்டியவர்களுக்கு லென்ஸ் அவசியம்.

இன்னொரு பொறி: எல்லா டிபி-25 துளையும் ஒன்றல்ல. டிஏ-88-ன் முதுகிலேயே அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் ஒரே முகத்தோடு துளைகள் இருந்தன. டிஜிட்டல் வரிசையில் டாஸ்காம் ஒரு முறை, யமஹா வேறு முறை. கேபிள் சொருகிக்கொள்ளும், வேலை செய்யாது. பழைய பிரிண்டர் கேபிளும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதில் ஜோடி முறுக்கும் கிடையாது, ஜோடிக்கொரு ஷீல்டும் கிடையாது. ஒரு சேனலின் பாட்டு அடுத்த சேனலில் மெல்லக் கேட்கும்.

ரிச்சி தெருவில் எதைச் சுரண்டிப் பார்ப்பது?

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. சென்னையில் கேபிள் செய்ய நினைப்பவரின் முதல் படிக்கட்டு இங்கேதான். மீட்டர் கணக்கில் வயர், எண்ணிக்கைக் கணக்கில் பின், கிராம் கணக்கில் ஈயம்.

இங்கே ஏமாறுவதற்கு வழி ஒன்று உண்டு: செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியக் கம்பி. பார்வைக்குச் செம்பு, எடை லேசு, விலை மலிவு. அலுமினியத்தில் ஈயம் சரியாக ஒட்டாது. நான்கு தடவை வளைத்தால் ஒடியும். கத்திமுனையால் ஓர் இழையைச் சுரண்டினால் போதும், உள்ளே வெள்ளை தெரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை, சுரண்டத் தெரிந்தவர் என்றால் அடுத்த தடவை நல்ல ரோலை எடுத்து வைப்பார்கள்.

ஷீல்டிலும் தேர்வு இருக்கிறது. அலுமினியத் தாள் சுற்றிய மல்ட்டிகோர் மெலிதாக இருக்கும், உரிப்பதும் சுலபம். ஸ்டுடியோ சுவருக்குள் ஒருமுறை போட்டு மறந்துவிட அதுவே சரி. தினமும் சுருட்டி, லாரியில் எறிந்து, மறுநாள் விரிக்கிற மைக்செட்காரர் அதை வாங்கினால் தாள் உள்ளுக்குள்ளேயே கிழிந்துவிடும். அவருக்குச் செம்பு இழை பின்னியதோ சுற்றியதோதான் வேண்டும்.

கனெக்டரில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கட்சி. மலிவு டிபி-25-ல் பிளாஸ்டிக் சீக்கிரம் இளகி ஊசி சாய்ந்துபோகும். பெயர்பெற்ற பிராண்டுகளின் போலிகளும் புழங்குகின்றன என்பதால் எடையும் திருகின் வழுவழுப்பும் பார்த்து வாங்க வேண்டும். டிபி-25-ன் இரு பக்கத் திருகுகளில் சில கருவிகள் இஞ்சு மரை, சில மில்லிமீட்டர் மரை. மேடையில் வைத்து அதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

நவச்சாரம் வேண்டாம்

தெருவில் ‘ஈயம் பூசலையோ’ என்று கூவி வந்தவர்களைக் கண்ட தலைமுறைக்கு இந்த வேலையின் வேதியியலை விளக்கவே தேவையில்லை. பித்தளைப் பாத்திரத்தைச் சுட வைத்து நவச்சாரத்தைத் தூவினால் மேற்பரப்பின் துரு அகன்று உலோகம் பளிச்சிடும். அதன்மேல் ஈயம் வழுக்கிக்கொண்டு பரவும். கேபிளிலும் அதே கதை. ஆனால் நவச்சாரம், ஆசிடு போன்றவை இங்கே விஷம். மிச்சம் இருந்து கம்பியை மாதக்கணக்கில் அரிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் ஈயக் கம்பியின் உள்ளே நரம்புபோல் ஓடுவது பைன் மரப் பிசின். அதுதான் துருவைத் துடைக்கிற வேலையைச் செய்கிறது. குழாய் வேலைக்காரர் பேஸ்ட்டை எடுத்துத் தடவாதீர்கள்.

ஈயக் கம்பியிலும் இரண்டு ரகம். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். 60-40 கலவை 183-க்கும் சுமார் 190-க்கும் நடுவே கூழ்போல் இருக்கும். அந்தச் சில விநாடியில் கை நடுங்கினால் ஒட்டு சொரசொரப்பாக, மங்கலாக உறையும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்பார்கள். அன்றைக்கு வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, பாடகர் உச்சஸ்தாயியில் நிற்கும்போது கரகரக்கும். விலையில் சின்ன வித்தியாசம்தான். புதியவர் 63-37 வாங்கட்டும்.

டிபி-25-ன் பின்புறம் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். முறை இதுதான். முதலில் மூடி, கேபிள் பிடிப்பான், பெரிய ஸ்லீவ் எல்லாவற்றையும் கேபிளில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து 24-ஐயும் ஒட்டி முடித்துவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் காட்சி இந்தத் தொழிலின் நிரந்தர நகைச்சுவை. அடுத்து, ஜோடிக்கொரு வெற்று எர்த் கம்பி வருமல்லவா, எட்டுக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட வேண்டும். போடாவிட்டால் பக்கத்து ஊசியில் உரசும். கம்பிமுனையை மூன்று மில்லிமீட்டர் மட்டும் உரித்து, மெலிதாக ஈயம் பூசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கனெக்டரை அப்படியே பிடிக்காமல் அதன் ஜோடியில் சொருகிவிட்டு வேலை செய்வது பெரியவர்கள் வழி. சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் வரிசை மாறாது. பிறகு குழியைச் சுடவைத்து, பாதி ஈயம் நிரப்பி, கம்பியை இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு எண்ண வேண்டும். ஊசியின் ஓரத்தில் பளபளவென்று வழிந்து ஏறியிருந்தால் நல்ல ஒட்டு. உருண்டையாக உட்கார்ந்திருந்தால் மறுபடியும் செய்ய வேண்டும். 25 வாட் அயர்ன் போதும், முனை சுத்தமாக இருந்தால். முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைக்காமல் வேலை செய்கிறவர் எத்தனை வாட் வாங்கினாலும் பயனில்லை.

எட்டு ஜோடியையும் அடையாளம் காண ரெசிஸ்டர் நிற வரிசை கைகொடுக்கும்: பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுருதியோடு சண்டை போடும் 100 ஹெர்ட்ஸ்

தப்பாக ஒட்டினால் என்ன ஆகும் என்பதை ரசிகர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷீல்டு விட்டுப்போன கேபிள் பிடித்துக்கொண்டு வரும் ‘உம்ம்ம்’ சத்தத்தில் 50-ம் அதன் மடங்குகளான 100, 150, 200-ம் இருக்கும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு ஆதார ஸட்ஜம் சுமார் 130.8 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழேயுள்ள பஞ்சமம் 98.1. தம்புராவின் பஞ்சமத் தந்தி அங்கே மீட்டிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே 100-ல் ஒரு கள்ளப் பஞ்சமம் நிற்கிறது. இரண்டும் மோதி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை அலையடிக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஸட்ஜம் 196. ஹம்மின் 200 அதனருகே நின்று விநாடிக்கு நான்கு முறை துடிக்கும். திரையிசை மேடையில் டிரம்ஸ் அடித்தால் ஹம் மறைந்துபோகும். ஆலாபனையில் எங்கே மறையும்? சபாக்களில் ‘என்னமோ சுருதி சேரலையே’ என்று முணுமுணுக்கும் மாமாக்கள் சில சமயம் பாடகரை அல்ல, ஒரு கேபிளைத்தான் விமர்சித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தடுக்கத்தான் இரட்டைக் கம்பியும் முறுக்கும். இரண்டு கம்பியிலும் இரைச்சல் சம அளவில் ஏறும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பொதுவாக ஏறியது கழிந்துவிடும். கம்பிகளை முறுக்கினால் இரண்டும் ஒரே அளவு பாதிக்கப்படும் என்று டெலிபோன் கம்பிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 1881-ல். ஒட்டும் இடத்தில் முறுக்கை இரண்டு இஞ்சு பிரித்து விரித்துப்போடுகிற அவசரக்காரர், அந்த இரண்டு இஞ்சுக்குப் பெல்லைத் தோற்கடிக்கிறார்.

ஹம் வந்தால் சிலர் செய்கிற ஒரு காரியத்தைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது, அல்லது எர்த் கம்பியை மட்டும் வெட்டிவிடுவது. ஹம் போகலாம். கூடவே பாதுகாப்பும் போகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதாவது கசிந்தால் 230 வோல்ட்டு உலோகச் சட்டத்தில் ஏறி, கேபிளின் ஷீல்டு வழியாக மைக்கின் உடலுக்கு வந்து, உதட்டருகே வைத்துப் பாடுகிறவரிடம் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பாடுவது நம் கோயில் வழக்கம் வேறு. பவர் எர்த்தை எந்தக் காலத்திலும் தொடக்கூடாது. மிக்ஸரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளில் ஆம்ப்ளிஃபயர் முனையில் ஷீல்டை மட்டும் ஒட்டாமல் விடலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பெட்டி போடலாம். மைக் கேபிளில் இரு முனையிலும் ஷீல்டு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கன்டென்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட்டு திரும்பி வரும் பாதை அதுதான்.

சில சமயம் குற்றம் கேபிளில் இல்லாமல் கருவியில் இருக்கும். 1-ம் ஊசியைச் சட்டத்தோடு இணைக்காமல் சர்க்யூட் போர்டோடு இணைத்துவிடும் தவறு பல தயாரிப்புகளில் இருந்ததை நீல் மன்சி 1995-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2005-ல் ஏ.இ.எஸ்.48 அதற்குத் தரநிலை வகுத்தது. சொந்தக் கேபிளைச் சந்தேகித்து இரவெல்லாம் பிரித்துப் போடுவதற்கு முன்னால் வேறொரு கருவியில் சொருகிப் பார்த்துவிடுவது நல்லது.

■ பெட்டிச் செய்தி 2: சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடி

சாதா மைக் வேலை செய்கிறது, கன்டென்சர் மைக் மட்டும் ஊமை: 1-ம் ஊசி, அதாவது எர்த், விட்டுப்போயிருக்கிறது.
சத்தம் மெலிந்து, அடிநாதம் இல்லாமல், தகரம்போல்: 2 அல்லது 3-ல் ஒன்று அறுந்திருக்கிறது.
மொத்தமாக ஒன்றுமில்லை: 2-ம் 3-ம் ஒட்டிக்கொண்டன.
சத்தம் வருகிறது, இரைச்சலும் வருகிறது: 2 அல்லது 3, எர்த்தில் உரசுகிறது. பழைய ரிப்பன் மைக்கை இந்த நிலையில் சொருகி 48 வோல்ட்டு போட்டால் மைக்கே போய்விடலாம்.
தனியாகக் கேட்டால் பிரமாதம், இடது வலது ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்தால் நடுவில் பேஸ் காணோம்: ஒரு பக்கத்தில் 2-ம் 3-ம் இடம் மாறியிருக்கிறது.

தாளின் மகிமை

ஒட்டி முடித்ததும் மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து 24 வழியையும் பார்த்துவிட்டு, முடிந்தது என்று மூடியைப் போடுகிறவர்கள்தான் அதிகம். அது பாதிச் சோதனை. போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பது 24 கேள்வி. போகக்கூடாத இடத்துக்குப் போகிறதா என்று 25 ஊசிகளை இரண்டிரண்டாகச் சோதித்தால் 300 கேள்வி. எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். அடுத்தடுத்த ஊசிகளையும் எதிர் வரிசை ஊசிகளையும் கேட்டால் போதும், பெரும்பாலான உரசல் அகப்படும். கேட்கும்போதே கேபிளின் கழுத்தை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதன்பிறகு எழுத வேண்டும். எந்த நிறம், எந்த ஊசி, எந்த சேனல், எந்தத் தேதி. ஒரு பிரதி பெட்டி மூடியில், ஒரு பிரதி வீட்டில், ஒரு போட்டோ போனில். நீளக் கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் லேபிள், அதன்மேல் கண்ணாடி ஸ்லீவ். அழகாக ஈயம் வைத்து எழுதாமல் விட்டவரின் கேபிள், இரண்டு வருடம் கழித்து அவருக்கே அந்நியச் சரக்கு. சுமாராக ஈயம் வைத்து ஒழுங்காக எழுதி வைத்தவர் எந்த இரவிலும் தப்பித்துக்கொள்வார். அவரிடம் வேலை பார்த்த பையன் தனிக்கடை போட்டுப் போனாலும், அடுத்து வந்த பையன் அதை வைத்தே பிரித்து ஒட்டிவிடுவான்.

லாபமா, நஷ்டமா?

காசுக் கணக்குக்கு வருவோம். எட்டு சேனல் டிபி-25 கேபிள், மறுமுனையில் எட்டு எக்ஸ்.எல்.ஆர். என்றால் 48 ஒட்டு. கை பழகியவருக்கு ஒரு மத்தியானம். புதியவருக்கு இரண்டு ராத்திரி. நல்ல பின், நல்ல வயர், ஸ்லீவ், ஈயம் வாங்கி, பாழாகும் பின்னையும் சேர்த்தால், ஒரே ஒரு கேபிளுக்காக இறங்குகிறவருக்கு மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. அயர்ன், மீட்டர், லென்ஸ் இதெல்லாம் இல்லாதவருக்கு நஷ்டம்கூட வரலாம். அடுத்த வாரம் பதிவு இருக்கிறது, கேபிள் ஒன்றுதான் வேண்டும் என்பவர் வாங்கிவிடட்டும். ஆனால் திருகு உள்ள மூடியாகப் பார்த்து வாங்கட்டும்.

ஐந்தாறு செய்ய வேண்டியவருக்குக் கணக்கு மாறும். அதைவிட முக்கியம், நீளம் நம் இஷ்டம். கடையில் மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் என்றுதான் இருக்கும். ரேக்கின் உள்ளே 70 சென்டிமீட்டர் போதும் என்கிற இடத்தில் மூன்று மீட்டரைச் சுருட்டித் திணித்தால் காற்றோட்டம் போய், அடுத்த தடவை ஒரு கருவியைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை. சவுண்ட் வாடகைத் தொழிலில் இன்னொரு வரவும் இருக்கிறது: மற்ற மைக்செட்காரர்கள் கேபிளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணம் இல்லாத புரட்டாசியில் அது சும்மா விடக்கூடிய வருமானம் இல்லை.

■ பெட்டிச் செய்தி 3: புகையும் விரலும்

ஒட்டும்போது எழும் புகை காரீயப் புகை அல்ல. காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அயர்னின் முனை 350 அளவில்தான் இருக்கும். புகைவது பைன் பிசின். அதைத் தினமும் சுவாசித்தால் தொழில்சார்ந்த ஆஸ்துமா வரலாம். சின்ன விசிறி ஒன்று புகையை முகத்திலிருந்து விலக்கித் தள்ளட்டும்.
காரீயம் உள்ளே போகும் வழி விரல். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது இரட்டிப்பு எச்சரிக்கை. வேலை மேஜையில் டிபன் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கைவிட வேண்டியது முதலில் அதைத்தான். குழந்தைகள் தவழும் தரையில் ஈயத் துணுக்குச் சிதறக்கூடாது.
காரீயம் இல்லாத ஈயக் கம்பியும் கிடைக்கிறது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒட்டு இயல்பாகவே மங்கலாக இருக்கும் என்பதால் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கப் புதியவர் திணறுவார்.

ஒற்றை நெட்வொர்க் வயர் போதுமே?

இத்தனையும் படித்துவிட்டு, ‘இப்போதுதான் டிஜிட்டல் வந்துவிட்டதே’ என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேடையிலேயே டிஜிட்டல் பெட்டியை வைத்து, ஏ.இ.எஸ்.50 போன்ற முறையில் ஒரே கேட்-5இ வயரில் நூறு மீட்டர்வரை 32 சேனலையும் அதற்கு மேலும் அனுப்பலாம். தூக்க ஆள் வேண்டாம், ஹம்மும் ஏறாது. வசதியுள்ள சவுண்ட் சர்வீஸ்கள் அதற்கு மாறிவிட்டன. அவர்கள் கழித்துப்போட்ட செம்பு மல்ட்டிகோர் சிறிய மைக்செட்காரர்களிடம் வருகிறது, அல்லது காயலான் கடைக்குப் போகிறது. செம்புக்காக பிவிசி உறையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் வருகிற புகையில் டயாக்ஸின் இருக்கும். விற்கிறவர்கள் யாரிடம் விற்கிறோம் என்று பார்க்க வேண்டிய இடம் அது.

டிஜிட்டலின் பழுது வேறு ரகம். செம்பில் ஒரு கம்பி அறுந்தால் டோலக் மட்டும் போகும். நெட்வொர்க் வயரின் மேல் தண்ணீர் லாரி ஏறினால் மொத்த மேடையும் ஒரே நொடியில் ஊமை. அதனால் விவரமானவர்கள் இரண்டு வயர் இழுக்கிறார்கள், வெவ்வேறு பாதையில்.

டிஜிட்டல் பெட்டி வந்தபின்னும் மைக்கிலிருந்து பெட்டிவரை மூன்று கம்பிதான். டிரம்ஸுக்கு எட்டு மைக், கோரஸுக்கு ஆறு என்று மேடையில் குட்டிக் குட்டி மல்ட்டிகோர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆட்கள் மிதிப்பதும், ஸ்டாண்டு விழுவதும், யாரோ அவசரத்தில் இழுப்பதும் அந்தக் கடைசி சில மீட்டரில்தான். ஸ்டுடியோக்களிலும் நெட்வொர்க் வந்த பிறகு, கம்ப்ரஸரையும் பிரீஆம்பையும் இணைப்பது அதே டிபி-25.

தொடங்க நினைக்கிறவர் 32 சேனலில் கை வைக்க வேண்டாம். ஒன்றரை மீட்டரில் ஒரு டிபி-25, எட்டு எக்ஸ்.எல்.ஆர்.; அது போதும். ஞாயிற்றுக்கிழமை பகலில், நல்ல வெளிச்சத்தில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காரட்டும். எட்டு பின் வாங்கப் போகிறவர் பத்தாக வாங்கிக்கொள்ளட்டும். அந்த இரண்டும் முதல் நாளே தேவைப்படும்.